தினம் ஒரு கிளி, தினம் ஒரு வரிசை!

உங்கள் வீட்டில் வீணை இருக்கிறதா? வீணை இல்லாவிட்டால் ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு கீபோர்டு? இருந்தால், கடைசியாக எப்போது அதைத் தொட்டீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டு வீணையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 வருடங்கள் அது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் எல்லாம் உண்டு. மறுநாள் விஜயதசமிக்கு நான் உட்கார்ந்து 'ஸ ப ஸ' என்று மூன்று தடவை மீட்டுவேன். பிறகு மறுபடியும் சுங்குடிச் சேலை, மறுபடியும் பீரோ சந்து.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு விஜயதசமி. வழக்கம்போல மீட்டிவிட்டுச் சேலையைத் தேடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்.

"ஏம்மா, பூஜையன்னிக்கு வீணையைத் தொடக் கூடாதுன்னு சொல்றோம். வருஷத்துல அதுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. நீ என்னடான்னா அந்த ஒரு நாளை விட்டுட்டு மத்த நாளெல்லாம் லீவு குடுக்கிறே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், எனக்குச் சுருக்கென்றது.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. எனக்கு வீணை சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒன்பது வயதில் ஸரளி வரிசையில் ஆரம்பித்து வர்ணம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் மடங்காமல் போய்ப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. காபி டம்ளரையே இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். காது மட்டும் கத்தி மாதிரி. தெருவில் போகிற கல்யாண ஊர்வலத்து நாகஸ்வரத்தில் ஸ்வரம் பிசகினாலும் முகம் சுளிப்பார்.

சரி, இனி விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீராங்கனை

முதல் வேலை வைத்தியம். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. மெட்டுகளைத் தாங்குகிற மெழுகு வெடித்திருந்தது. வீணையில் மொத்தம் 24 மெட்டுகள். தேன்மெழுகோடு கரி சேர்த்துக் குழைத்து, அந்தக் கறுப்பு மெழுகின் மேல்தான் ஒவ்வொரு மெட்டையும் பதிப்பார்கள். ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஸ்வரம் மாறிவிடும். இதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். அதில் தேர்ந்தவரை வரவழைத்தோம். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கட்டினார். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மெட்டுக்கும் தலையாட்டி உத்தரவு கொடுத்தார்.

அடுத்தது பயிற்சி. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். வார நாட்களில் சமையல், ஆபீஸ், கடை கண்ணி என்று நேரம் ஓடிவிடும். 'ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்துவிடலாம்' என்று தள்ளிப்போடுவேன். ஞாயிறு வந்தால் ஒரே மூச்சில் நாலு மணி நேரம் வாசிப்பேன். விரல் நுனி கன்றிச் சிவந்திருக்கும். அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருக்கும்! அடுத்த ஆறு நாள் வீணைப் பக்கமே போக மாட்டேன். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தால் போன வாரம் வந்த பிடி வராது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் இடது மணிக்கட்டில் வலி பிடித்தது. தோசைக்கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "மூணு வாரம் கைக்கு ஓய்வு" என்று சொல்லிவிட்டார்.

அந்த மூன்று வாரமும் வீடு அமைதியாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ வாசிச்சா, நான் வாசிக்கிற மாதிரி இருக்கும்மா. நீ வாசிக்கலைன்னா எனக்கும் அன்னிக்கு வாசிப்பு இல்ல."

என்ன பதில் சொல்வது? லைட்டை அணைத்துவிட்டு வந்து ரொம்ப நேரம் தூங்காமல் கிடந்தேன். நான் ஒதுக்கிவைத்த ஒவ்வொரு நாளும் என்னுடைய நாள் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறு. அம்மாவுக்கும் வாரத்தில் அந்த ஒரே நாள்தான் வாசிப்பு!

டீ கொதிக்கும் நேரம்

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் இருக்கும் என் தோழியின் ஞாபகம் வந்தது. நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். 39 வயதில், மகளை வீணை வகுப்பில் சேர்த்தபோது, துணைக்கு உட்கார்ந்தவள் தானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். மகள் ஒரே வருடத்தில் நின்றுவிட்டாள். இவள் நிற்கவில்லை! என்னைவிடப் பல வருடம் பின்னால் தொடங்கியவள், என்னைவிடச் சுத்தமாக வாசிப்பாள். கொலு பார்க்கப் போனபோது அவள் வாசித்த வர்ணத்தைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

போன் போட்டு, "எத்தனை மணி நேரம் சாதகம் பண்றே?" என்று கேட்டேன்.

"மணி நேரமா? நல்லா கேட்டீங்க அக்கா! காலையில முக்கா மணி நேரம். அதுவும் முடியாத அன்னிக்கு அடுப்புல டீ கொதிக்கிற நேரத்துல ரெண்டு வரிசை. ஆனா, வாசிக்காத நாள்னு ஒண்ணு வெச்சுக்கிறதே இல்ல."

மூன்று வாரம் முடிந்து டாக்டர் பச்சைக்கொடி காட்டியதும், அம்மாவும் அவளும் நானும் சேர்ந்து ஒரு 45 நிமிட அட்டவணை போட்டோம். இரண்டரை வருடமாக அதுதான் நடக்கிறது. காலை ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். வீணை கற்பவர்களுக்கு இது அப்படியே பயன்படும். மற்ற வாத்தியக்காரர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் 5 நிமிடம்: சுருதி

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, தம்பூரா ஆப்பை மட்டும் ஓடவிடுங்கள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நான்கு வாசிக்கும் கம்பிகள், பக்கவாட்டில் மூன்று தாளக் கம்பிகள். ஏழையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், சாரல் காற்று அடித்தால் ராத்திரிக்கும் காலைக்கும் சுருதி இறங்கியிருக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பிரடை இறுகிக்கொள்ளும். சித்திரை வெயிலில் மெழுகு இளகும். எனவே, வீணையை ஜன்னல் வெயிலில் வைக்கவே கூடாது. சுருதி சேர்ப்பதை 'நேரம் வீண்' என்று நினைக்காதீர்கள். காதுக்கு அதுதான் அன்றைய முதல் பாடம்.

அடுத்த 10 நிமிடம்: வரிசைகள்

மாயாமாளவகௌளையில் இரண்டு ஸரளி வரிசை, ஒரு ஜண்டை வரிசை, ஏழு அலங்காரங்களில் ஒன்று. மூன்று காலங்களிலும் வாசிக்க வேண்டும். 'வர்ணம் வரைக்கும் வந்த எனக்கு ஸரளியா?' என்று எனக்கும் தோன்றியது. அம்மா கேட்டார்: "தினமும் பல்லு தேய்க்கிறியே, அதுல பாஸாகி முடிச்சிட்டியா?"

இந்தப் பத்து நிமிடமும் வலது கையைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டும் மாறி மாறி மீட்ட வேண்டும். இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தாளக் கம்பியைத் தட்டுகிற சுண்டுவிரலை யாருமே கண்டுகொள்வதில்லை. அது சோம்பேறியானால் தாளமும் சோம்பேறியாகும்.

அடுத்த 10 நிமிடம்: இழுப்பு

வீணையின் உயிர் கமகம். கமகத்தின் பெரும்பகுதி, கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுப்பதில் இருக்கிறது. இதற்கு அம்மா சொல்லிக்கொடுத்த வழி ரொம்ப எளிமையானது. முதலில் மத்யமத்தை அதன் மெட்டிலேயே வாசியுங்கள். அந்த ஒலியை மனதில் பிடித்துக்கொண்டு, காந்தார மெட்டுக்கு வந்து, கம்பியை இழுத்து அதே மத்யமத்தைக் கொண்டுவாருங்கள். எட்டியதா? மறுபடி மத்யம மெட்டில் வாசித்துச் சரிபாருங்கள். அது பழகியதும், அதே காந்தார மெட்டிலிருந்து பஞ்சமம் வரை இழுத்துப் பாருங்கள்.

பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகத்தான் இழுத்திருப்போம். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "எட்டல... இன்னும் ஒரு மயிரிழை!"

இடது விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும். சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் நனைத்த பஞ்சு பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த 15 நிமிடம்: வராத இடம்

நமக்கு நன்றாக வருகிற இடத்தைத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்? அது சந்தோஷம், சாதகம் ஆகாது. வராத ஒரே ஒரு வரியை எடுங்கள். அதிலும் தடுக்குகிற நாலு ஸ்வரத்தை மட்டும் தனியே பிரியுங்கள். பாதி வேகத்தில் வாசியுங்கள். தொடர்ந்து மூன்று தடவை பிழையில்லாமல் வந்தால் மட்டும் ஒரு படி வேகம் கூட்டுங்கள். பிழை வந்தால் ஒரு படி இறங்குங்கள். கடைசியில் அந்த நாலு ஸ்வரத்தை முன்னால் உள்ளதோடும் பின்னால் உள்ளதோடும் சேர்த்துத் தையுங்கள்.

பிழையோடு பத்து தடவை வாசித்தால், விரல் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்யும். என் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்தது அதுதான்.

கடைசி 5 நிமிடம்: பிடித்தது

உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையோ, சினிமாப் பாட்டோ, நிறுத்தாமல், திருத்தாமல் வாசியுங்கள். கசந்த வாயோடு எழுந்தால் நாளைக்கு உட்கார மனம் வராது. பிறகு கம்பிகளை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று எது வந்தது, எது வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விரல் நுனி வலிப்பது இயல்பு. சில வாரங்களில் காய்த்துப்போகும். ஆனால் மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது வீரம் இல்லை. அந்த வீரத்துக்கு நான் கொடுத்த விலை மூன்று வாரம்.

எட்டயபுரமும் ஐரோப்பாவும்

'பெரிய வித்வான்கள் நாள் முழுக்க வாசித்தார்களே?' என்று கேட்கலாம். உண்மைதான். காரைக்குடி சாம்பசிவ ஐயர் (1888 - 1958) சாதகத்துக்கே பேர்போனவர். அவரிடம் சிறு வயதிலேயே குருகுலமாகச் சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன், பிறகு அந்தப் பாணியின் பெரிய பெயராக விளங்கினார். அது வாழ்க்கையையே வீணைக்குக் கொடுத்தவர்களின் கணக்கு. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மணிக்கணக்கை அல்ல, நாள் தவறாமையை.

எங்கள் ஊரிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். வீணையில் தேர்ந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்த ஊர். அதே ஊரில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்ஶினி'யை வெளியிட்டார். எந்த ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கு அதில் தனித்தனிக் குறியீடுகளே உண்டு. அந்தக் கமகங்களுக்கு அவர் வீணையைக் கொண்டே விளக்கம் தந்தார். பாரதி பிறந்த ஊர் என்று எட்டயபுரம் போகிறவர்கள், தீட்சிதர் நினைவிடத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். ஐரோப்பாவில் 'லூட்' என்று ஒரு வாத்தியம் உண்டு. பேரிக்காயைப் பாதியாக வெட்டிய மாதிரி உடம்பு. 18-ம் நூற்றாண்டில் வாசிக்கப்பட்ட பரோக் லூட்டில் 13 வரிசைக் கம்பிகள். முதல் இரண்டு ஒற்றை, மற்ற 11 வரிசையும் இரட்டை. ஆக, 24 கம்பிகள். நம் வீணையில் 24 மெட்டு, அங்கே 24 கம்பி! அந்தக் காலத்தில் மிருகக் குடலைத் திரித்துச் செய்த நரம்புகள் அவை. குளிருக்கும் ஈரத்துக்கும் ஓயாமல் இறங்கும். லூட் வாசிப்பவர் 80 வயது வாழ்ந்தால் அதில் 60 வருடம் சுருதி சேர்த்தே போயிருக்கும் என்று, 1713-ல் மத்தேசன் என்ற ஜெர்மானிய இசை எழுத்தாளர் கேலி செய்தார். பாக் காலத்து லூட் மேதை வைஸ் (1687 - 1750) வாசித்ததும் அந்த வாத்தியத்தைத்தான். அந்தப் பழைய லூட்டை இன்று கையில் எடுப்பவர்களுக்கும் முதல் வேலை சுருதி சேர்ப்பதுதான். பிறகு நிதானமாக வலது கைப் பயிற்சி, பிறகு வராத இடம். நாம் சுண்டுவிரலை அடக்கப் பாடுபடுகிற மாதிரி, அவர்கள் அடிக்கம்பிகளைத் தேடிப் பிடிக்கிற கட்டைவிரலோடு பாடுபடுகிறார்கள். யாருக்கும் குறுக்குவழி கிடையாது!

நேற்றைய கிளி

அட்டவணை போட்ட புதிதில் எனக்கு ஒரு சலிப்பு வந்தது. நேற்று அழகாக வந்த ஒரு பிடி, இன்று காலை வராது. 'இதென்ன, தினமும் பூஜ்யத்திலிருந்தா?' என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"ஆண்டாள் கையில கிளி இருக்கே, பாத்திருக்கியா?" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பேனா? ஆண்டாளின் இடது கையில் இருக்கிற அந்தப் பச்சைக் கிளியை இலைகளாலும் பூக்களாலும் செய்வார்கள். மாதுளம்பூதான் மூக்கு. தினமும் புதிதாகச் செய்வார்கள்.

"நேத்து செஞ்ச கிளி எவ்வளவு லட்சணமா இருந்தாலும் இன்னிக்கு ஆகாது. இன்னிக்கு இன்னிக்குள்ள கிளி. தினமும் செய்றதனால செய்றவங்களுக்கு வீணாப் போச்சா? கை பழகிருச்சுல்ல!"

அதற்கு மேல் நான் புலம்பவில்லை. பிடி மறந்துபோகலாம், கை மறப்பதில்லை. இரண்டரை வருடத்து நோட்டைப் புரட்டினால் அது தெரிகிறது. முதல் மாதம் 'வரவில்லை' என்று எழுதியதெல்லாம், என்றைக்கு வந்தது என்றே தெரியாமல் வந்துவிட்டிருக்கிறது.

எல்லா நாளும் 45 நிமிடம் கிடைத்ததா? இல்லை. விருந்தாளி, காய்ச்சல், மகனின் பரீட்சை எல்லாம் வரத்தான் செய்தன. அந்த நாட்களில் தோழி சொன்ன டீக் கணக்கு. ஒரு ஸரளி, நாலு ஸ்வரம், பத்து நிமிடம். பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பரீட்சை என்று வீணையை மூட்டைகட்டி வைத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தால் மார்க் குறைந்துவிடாது. ஆனால், ஒரு வருடம் மூடிவைத்த வாத்தியத்தை மறுபடி திறப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, 22 வருடம் மூடிவைத்த எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் காலையில் நான் சுருதி சேர்க்கிறபோதே அம்மா எழுந்துவிடுகிறார். மடங்காத விரல்களால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுகிறார். சென்னை ரயிலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் எங்கள் தெருவில் போகிற சத்தத்துக்கு நடுவிலும், "பக்க சாரணி இறங்கிருக்கு, பாரு" என்று குரல் கொடுக்கிறார். பார்த்தால், இறங்கித்தான் இருக்கும்.

கடந்த சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனம் வைத்துப் பூ சாற்றினேன். அன்று மட்டும் வாசிப்பு கிடையாது. அம்மா காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தார். பேப்பரைப் பிரித்தார், மடித்தார். டிவியைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார். சாயங்காலம் சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு ஐந்தேகாலுக்கே உட்காந்துருவேல்ல?"